மூடி திறக்காத டிபன் டப்பா: டென்ஷனை அன்றன்றே இறக்கி வைக்கச் சில பழக்கங்கள்

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு மதியம், ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில், ஒரு டிபன் டப்பா மூடியோடு சண்டை போட்டேன். வீட்டில் சோற்றைச் சுடச்சுட வைத்து இறுக்கி மூடிய எவர்சில்வர் டப்பா. உள்ளே ஆவி ஆறியதும் மூடி கவ்விக்கொண்டது. நகத்தால் நெம்பினேன், மேஜை விளிம்பில் தட்டினேன், இரண்டு தொடைக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. என்ன நினைத்தேனோ, தூக்கிச் சுவரில் அடித்துவிட்டேன். டப்பா நெளிந்தது. மூடி மட்டும் அப்படியே இருந்தது.

நாற்பது பேர் சாப்பிடும் இடம். ஒரு நொடி எல்லாச் சத்தமும் நின்றது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. எங்கள் புரொடக்‌ஷன் லைனில் இருக்கும் மூத்தவர், பென்னாகரத்துக்காரர், எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்தார். ஸ்பூன் காம்பை மூடியின் விளிம்பில் செருகி லேசாகத் திருப்பினார். டப் என்று ஒரு சத்தம். திறந்துகொண்டது.

“மூடிகிட்ட எதுக்குத் தம்பி பலத்தைக் காட்டற? கொஞ்சம் காத்து உள்ள போனா அதுவே தொறந்துக்கும்” என்றார்.

அன்று காலை லைனில் ஏகப்பட்ட ரிஜெக்‌ஷன். முதல் நாள் வண்டி டியூ தவறிவிட்டது என்று மெசேஜ். இரவு நான்கு மணி நேரத் தூக்கம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய விஷயமில்லை, எல்லோருக்கும் இருப்பதுதான். சேர்ந்துகொண்டதுதான் பிரச்சினை. அதற்குப் பிறகு நான் செய்து பார்த்தவற்றில் எது உதவியது, எது உதவவில்லை என்பதைப் புதிதாகத் தொடங்குபவருக்கு உதவும் விதத்தில் வரிசையாகச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. கிருஷ்ணகிரியில் வீடு, ஓசூரில் வேலை, தினமும் பஸ்ஸில் போக வர 100 கிலோமீட்டர். அவ்வளவுதான் என் தகுதி.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

இதை மட்டும் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கதிர் முற்றும் காலத்தில் வயலில் யானை இறங்கும். காவலுக்கு இருப்பவர் இருட்டில் அந்தக் கறுப்பு உருவத்தைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வாய் உலரும், கால் ஓடத் தயாராகிவிடும். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினையும், அதன் பின்னாலேயே கார்டிசாலையும் ரத்தத்தில் விடுவதால் நடப்பது இது. சண்டை போடு, இல்லாவிட்டால் ஓடு என்று உடம்பு தரும் உத்தரவு. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே இதை விவரித்துவிட்டார்.

யானை போய்விடும். காவல்காரர் பீடியைப் பற்றவைத்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் உடம்பு இறங்கிவிடும். கம்பெனி லைன் குரூப்பில் வரும் வாட்ஸ்அப் மெசேஜுக்கும் உடம்பு அதே வேலையைத்தான் செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், இந்த யானை போவதே இல்லை. காலை ஆறு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, படுக்கும்போது ஒன்று. ஏறிய உடம்பு இறங்க நேரமே கிடைப்பதில்லை.

மழைக்காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் பேப்பரில் கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை நிலவரத்தைப் பார்ப்பார்கள். மொத்த உயரம் 52 அடி. 50, 51 அடி வந்ததும், வருகிற தண்ணீரை அப்படியே தென்பெண்ணையில் திறந்துவிடுகிறார்கள். வரத்தை அணையால் நிறுத்த முடியாது, அது கர்நாடகத்தில் பெய்யும் மழை. கையில் இருப்பது ஷட்டர் மட்டும்தான். ஷட்டரே உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் 2017 நவம்பரில் பார்த்தோம். கீழே நான் சொல்லும் பழக்கங்கள் எல்லாம் ஷட்டர் வேலை. டியூவையோ மேனேஜரையோ அவை மாற்றப் போவதில்லை. அதை எதிர்பார்த்து ஆரம்பித்தால் இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

முதல் வாரம்: எதையும் மாற்ற வேண்டாம், குறித்து மட்டும் வையுங்கள்

எடுத்த எடுப்பில் அதிகாலை நான்கரைக்கு எழுந்து யோகா என்று கிளம்பாதீர்கள். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. எரிச்சலோ படபடப்போ வரும்போது மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, உடம்பில் எங்கே தெரிகிறது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. ஒரு வரி போதும்.

‘உடம்பில் எங்கே’ என்பதுதான் முக்கியமான கேள்வி. சிலருக்குத் தாடை இறுகும். சிலருக்குத் தோள் காது வரைக்கும் ஏறி நிற்கும். என் மனைவிக்கு வயிறு. எனக்கு வலது கைக் கட்டைவிரல் உள்ளே மடங்கி மற்ற விரல்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். முப்பத்தெட்டு வயது வரை இதை நான் கவனித்ததே இல்லை. மனம் ‘எனக்கென்ன டென்ஷன், நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் மடங்கிவிடும். மனதை விட உடம்பு சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

ஒரு வாரம் முடிந்து நோட்டைப் புரட்டினால் நீங்கள் நினைத்த காரணம் வேறு, எழுதியிருக்கும் காரணம் வேறாக இருக்கலாம். சூப்பர்வைசர்தான் எனக்குப் பிரச்சினை என்று சத்தியம் செய்திருப்பேன். நோட்டில் பார்த்தால் ஏழில் ஐந்து தடவை காலை பதினொன்றே கால் மணி. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆறே முக்கால் பஸ்ஸுக்கு ஓடி, வெறும் வயிற்றில் இரண்டு டீ குடித்த நாள்கள். சூப்பர்வைசர் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் பேசியிருக்கிறார்.

மூச்சு: விரல் கணுவில் எண்ணுவது

உதவியவற்றில் முதல் இடம் இதற்குத்தான். காசு வேண்டாம், இடம் வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூட வேண்டாம்.

மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இழுப்பதை விட விடுவது நீளமாக இருக்க வேண்டும், சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். உடம்பை அமைதிக்குத் திருப்பும் நரம்பு மண்டலம் அப்போது கூடுதலாக வேலை செய்கிறது. எண்ணிக்கை ஒவ்வொன்றும் ஒரு நொடி என்றால் ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சாதாரணமாக நாம் விடுவது 12-லிருந்து 20 வரை.

கணக்கு வைக்க ஃபோனை எடுக்க வேண்டாம், எடுத்தால் மெசேஜ் பார்ப்பீர்கள். பாட்டிமார் ஜபம் எண்ணுகிற மாதிரி கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போங்கள். விரலுக்கு மூன்று, ஆக 12. ஒரு கை முடிந்தால் 2 நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு இதில் இன்னொரு லாபம், கட்டைவிரல் மடங்கிக்கொள்ள முடியாது.

எப்போது செய்வது என்பதை இன்றே முடிவு செய்துவிடுங்கள். ‘நேரம் கிடைக்கும்போது’ என்றால் கிடைக்காது. ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றில் இதை மாட்டிவிடுங்கள், சுவரில் இருக்கும் ஆணியில் பையை மாட்டுகிற மாதிரி. என் ஆணி, கம்பெனி பஸ் கேட்டுக்குள் திரும்பும் இடம். அங்கிருந்து நிறுத்தும் இடம் வரை ஒரு கை மூச்சு. சாயங்காலம் வீட்டுத் தெரு முனையில் இன்னொரு கை. அடுப்பில் குக்கர் வைத்தால் முதல் விசில் வரும் வரை என்று என் மனைவி வைத்துக்கொண்டாள். ராகிக் களி கிண்டும்போது மட்டும் முடியாது, அது வேறு விதமான மூச்சு.

தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். வண்டி ஓட்டும்போது இந்த எண்ணிக்கை வேண்டாம். இன்னொன்று, நெஞ்சில் பாரம் வைத்தாற்போல வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குப்பென்று வியர்ப்பது என்றால் அதை டென்ஷன் என்று நீங்களே முடிவு செய்து மூச்சு எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

காலையில் ஃபோன்

எழுந்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்டிசால் இயல்பாகவே ஏறும். எழுந்து நடமாட உடம்புக்கு அது தேவை. அந்த நேரத்தில் லைன் குரூப்பைத் திறப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். பல் தேய்த்து, வாசலுக்கு வந்து, வெளிச்சம் முகத்தில் பட்ட பிறகு ஃபோன். 20 நிமிடம் தள்ளினாலே போதும். இதை நான் வாரத்தில் நான்கு நாள்தான் ஒழுங்காகச் செய்கிறேன். ஆறு மணிக்கு முன்னால் வரும் எந்த மெசேஜுக்கும் ஆறேகாலுக்குப் பதில் சொன்னதால் என் வேலை இதுவரை போகவில்லை.

டீயும் சாப்பாடும்

டீ, காபியை விடச் சொல்ல மாட்டேன். எனக்கே முடியாது. ஆனால் கடைசி டீயின் நேரத்தைப் பாருங்கள். நாம் குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். பஸ் இறங்கிய களைப்பில் ஆறரை மணிக்குக் குடிக்கும் டீயில் பாதி, பதினொன்றரைக்குப் படுக்கையில் உங்களோடு விழித்திருக்கும். என் கடைசி டீயை மூன்றரைக்குக் கொண்டுவந்தேன். முதல் மூன்று நாள் தலைவலி, நான்காம் நாளிலிருந்து தூக்கம்.

காலைச் சாப்பாட்டைப் பற்றி நோட்டு எனக்குச் சொன்னதை மேலே எழுதிவிட்டேன். சமைக்க நேரமில்லாதவர்களுக்கு நம் பக்கத்தில் வழி இருக்கவே இருக்கிறது. முதல் நாள் இரவே கரைத்து வைத்த ராகிக் கூழ், மோர், சின்ன வெங்காயம். இரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டுப் பஸ் பிடிக்கலாம். ராகி டென்ஷனைக் குறைக்கும் என்று யாராவது வீடியோவில் சொன்னால் நம்ப வேண்டாம். வயிற்றில் நின்று தாங்கும், பதினொன்றே காலுக்குப் பசி எரிச்சல் வராது. அது போதாதா?

நடை

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கான உடல் அசைவு. நாளுக்கு 22 நிமிடம் வரும். கம்பெனியில்தான் எட்டு மணி நேரம் நிற்கிறேனே என்று நானும் வாதாடியிருக்கிறேன். நிற்பது கணக்கில் வராது. ஏறிய படபடப்பு இறங்க, காலை எட்டி வைத்து நடப்பது உதவும், உடம்பு அப்போது ஓடுவதற்கென்றே தயாராகி நிற்கிறது.

ஓசூரில் ராமநாயக்கன் ஏரி, தர்மபுரியில் ராமக்காள் ஏரி என்று பக்கத்தில் ஏரி இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இல்லாதவர்கள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடங்கள். நான் அப்படித்தான். பக்கத்து வீட்டு அக்கா மாடியில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழேயே முப்பது சுற்று நடக்கிறார், கேலி செய்தவர்களை விட அவர் நன்றாகத் தூங்குகிறார்.

கவலைக்கு ஒரு நோட்டு, ஒரு நேரம்

படுத்ததும் எல்லாக் கவலையும் வரிசையில் வந்து நிற்கும் ஆள் நீங்கள் என்றால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு 15 நிமிடம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். மன நல சிகிச்சையில் வெகு காலமாகச் சொல்லிக் கொடுக்கும் முறை இது. பகலில் கவலை வந்தால், ‘சரி, ஏழு மணிக்கு உன்னைப் பார்க்கிறேன்’ என்று ஒரு சொல் எழுதி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். கவலையை ‘வராதே’ என்று விரட்டினால் திரும்பி வரும். நேரம் கொடுத்தால் பெரும்பாலும் காத்திருக்கும்.

ஏழு மணிக்கு ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப் பக்கம், நான் ஏதாவது செய்ய முடிவது. வலப் பக்கம், என் கையில் இல்லாதது. இடப் பக்கத்தில் இருப்பவற்றுக்கு எதிரே நாளைக்குச் செய்யப் போகும் ஒரே ஒரு சின்ன வேலை. ‘மகள் ஃபீஸ்’ என்று எழுதினால் போதாது, ‘நாளை மதியம் ஃபோன் செய்து இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்பது’ என்று எழுத வேண்டும். வலப் பக்கத்துக்கு எதிரே எதுவும் எழுத வேண்டாம், எழுதி மூடிவிடலாம்.

என் முதல் பக்கம் இன்னும் இருக்கிறது. வண்டி டியூ, அம்மாவின் முழங்கால், சீட்டுப் பணம், லைன் ரிஜெக்‌ஷன், மைத்துனரின் கோபம். இடப் பக்கத்தில் கடைசியாக ‘டிபன் மூடி’. அதற்கு எதிரே, ‘ஆவி போன பிறகு மூடச் சொல்ல வேண்டும்’. சொன்னேன். “அஞ்சு நிமிஷம் முன்னாடி எந்திரிச்சு நீங்களே ஆற வெச்சு மூடுங்க” என்று பதில் வந்தது. நியாயம்தான். அன்றிலிருந்து நானே ஆற வைத்து மூடுகிறேன். சில டென்ஷன்களுக்கு மூச்சும் வேண்டாம், நடையும் வேண்டாம், காரணத்தையே எடுத்துவிடலாம். அவற்றைத் தேடிப் பிடிக்கத்தான் இடப் பக்கம்.

வலப் பக்கத்துக்கு உதாரணம் என் பெரியப்பா மகன். பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறார். ராயக்கோட்டை மண்டியில் என்ன விலை போகும் என்பது அவர் கையில் இல்லை. ஆனால் விடிய விடிய அதைத்தான் யோசிப்பார். நோட்டு விஷயத்தைச் சொன்னபோது, “எழுதி வெச்சா பெட்டிக்கு நூறு ரூவா சேத்தித் தருவாங்களா?” என்றார். தர மாட்டார்கள். அப்புறம் ஒரு நாள் அவராகவே சொன்னார், விலையை வலப் பக்கம் எழுதினாராம், இடப் பக்கத்தில் ‘அடுத்த போகம் ஒரு ஏக்கரில் அவரை’ என்று எழுதினாராம். இரண்டு மாதமாக மண்டையில் ஓடிய யோசனை, எழுதியபோதுதான் முடிவானது.

படுக்கப் போகும் முன் எழுதுவதிலும் பலன் உண்டு. அமெரிக்காவில் 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்தார்கள். படுக்கும் முன் 5 நிமிடம், ஒரு பாதியினர் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மறு பாதியினர் ஏற்கெனவே முடித்ததை எழுதினார்கள். நாளைய வேலையை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னாலேயே தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். சின்ன ஆய்வுதான், பெரிதாகத் தம்பட்டம் அடிக்க வேண்டாம். நஷ்டமில்லாத 5 நிமிடம்.

கைக்கு வேலை: பிதுக்கம்பருப்பு

மார்கழி, தை வந்தால் எங்கள் பக்கம் அவரைக்கொட்டை வாசம் இல்லாத வீடு இல்லை. கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நுனியில் ஓர் அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். கொஞ்சம் வேகமாக அழுத்தினால் பாத்திரம் தாண்டிப் போய் டிவியில் அடிக்கும். என் மகள் அதற்காகவே உட்காருவாள். அரைப் படி பிதுக்கி முடிப்பதற்குள் விரல் நுனி ஊறிச் சுருங்கிவிடும், பச்சை வாசம் மறுநாள் வரை கையை விட்டுப் போகாது.

டிபன் டப்பா சம்பவம் நடந்த மார்கழியில் அம்மா ஒரு பாத்திரம் கொட்டையை என் முன்னால் நகர்த்தி, “சும்மா ஃபோனைத் தேச்சுக்கிட்டு இருக்கறதுக்கு இதைப் பிதுக்கு சாமி” என்றார். அரை மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன், தோள் இறங்கியிருந்தது, ஃபோன் வேறு அறையில் இருந்தது, நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு கையும் ஈரமாக இருந்தால் யாரும் ஃபோனை எடுப்பதில்லை. வேலைக்கு மூளை வேண்டாம், ஆனால் கண்ணும் கையும் வேண்டும். கவலை உட்கார இடம் குறைந்துவிடுகிறது.

வருடம் முழுவதும் அவரை கிடைக்காது. முருங்கைக்கீரை ஆய்வது, சின்ன வெங்காயம் உரிப்பது, பூக் கட்டுவது, சைக்கிள் செயினைக் கழற்றித் துடைப்பது, எதுவானாலும் 20 நிமிடம், கை அழுக்காகிற வேலையாக இருந்தால் நல்லது. ஒன்று சொல்லிவிடுகிறேன். கோடையில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை நம் பக்கத்தில் பல பெண்களுக்குக் கூலி வேலை. நாள் முழுக்க அதைச் செய்து இடுப்பு ஒடிந்தவரிடம் போய், ‘கை வேலை மனதுக்கு நல்லது’ என்று நான் சொன்னால் அடி விழும். உங்கள் பிழைப்புக்கான வேலை எதுவோ அதை விட்டு வேறொன்றை எடுங்கள். அப்படிப்பட்டவருக்குச் சும்மா காலை நீட்டி உட்காருவதே பழக்கமாக இருக்கலாம்.

தூக்கம், ஷிப்ட்

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தேவை. மூன்று வருடம் ஷிப்ட் மாறி மாறிப் பார்த்தவன் என்ற முறையில் நைட் ஷிப்ட் ஆட்களுக்கு இரண்டே விஷயம். காலையில் வீடு திரும்பும்போது வெயில் கண்ணில் அதிகம் படாமல் கூலிங் கிளாஸோ தொப்பியோ போட்டுக்கொண்டு, நேராக வந்து இருட்டு அறையில் படுங்கள். கறுப்புத் துணியை ஜன்னலில் கட்டினாலும் போதும். ‘மார்க்கெட் போயிட்டு வந்து படுக்கறேன்’ என்றால் தூக்கம் கலைந்துவிடும். அடுத்தது, வீட்டில் எல்லோரிடமும் நீங்கள் தூங்கும் நேரத்தைச் சொல்லி வையுங்கள். பகலில் தூங்குபவனைச் சோம்பேறி என்று நினைக்கும் உறவுக்காரர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

குடித்தால் தூக்கம் வரும் என்று டாஸ்மாக் வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படுத்ததும் தூக்கம் வருவது உண்மைதான். போதை இறங்கும் பின்னிரவில் தூக்கம் உடைந்து உடைந்து போவதும் உண்மை. மூன்று மணிக்கு முழித்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்களுக்குத் தெரியும்.

எப்படி நிலைக்க வைப்பது

மேலே சொன்ன எல்லாவற்றையும் திங்கட்கிழமை ஆரம்பித்தால் வியாழக்கிழமை எதுவும் இருக்காது. ஒன்றை எடுங்கள். எதை என்று தெரியாவிட்டால் மூச்சு. ஓர் ஆணியில் மாட்டுங்கள். அது தானாக நடக்க ஆரம்பித்த பிறகு அடுத்தது.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் ஒரு மண்டலம், 48 நாள் என்று நம் வீடுகளில் கணக்கு உண்டு. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், புதிய பழக்கம் யோசிக்காமல் நடக்கும் அளவுக்கு வர எடுத்த சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப் போனதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. விரதம் மாதிரி ‘ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து’ என்று எண்ண வேண்டாம். நேற்று விட்டுவிட்டதா, சரி, இன்று செய்யுங்கள்.

பேசுவதற்கு ஓர் ஆளையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவுரை சொல்லாமல் கேட்கிற ஆள். எனக்கு அந்தப் பென்னாகரத்து அண்ணன். பஸ்ஸில் சூளகிரி தாண்டும் வரை நான் பேசுவேன், அதற்கப்புறம் அவர் தூங்கிவிடுவார்.

பழக்கம் போதாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் ஈடுபாடு இல்லை, காரணமில்லாமல் அழுகை, குடி கூடிக்கொண்டே போகிறது, ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது. இதில் ஏதாவது இருந்தால் மூச்சுப் பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு. நேரில் போவதானால் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. காலையில் போய் ஓ.பி. சீட்டு போடும்போது மனநலப் பிரிவு என்று கேளுங்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை போன்றவையும் டென்ஷன் மாதிரியே படபடப்பும் சோர்வும் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தரலாம்.

டப்பா எறிந்த அடுத்த மாதம் நானும் போனேன். யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தெருவில் வண்டியில் காய்கறி விற்பவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, ‘பி.பி. செக் பண்ண’ என்று ஒரே நேரத்தில் சொன்னோம். டாக்டர் 15 நிமிடம் பேசினார், பி.பி.யும் பார்த்தார், 150-க்கு 96. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்தால் அதே காய்கறிக்காரர் பஸ் ஸ்டாப் கடையில் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு நின்றிருந்தார். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. குடித்தேன்.